பந்து பேட்டர் மேல பட்டுருச்சு, இப்ப என்ன பண்ணணும்? புது அம்பயருக்கு ஹிட் பை பிட்ச் முழு வழிகாட்டி

மலேசியாவுல பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் எங்க பாடாங்குல (திடல்ல) சனிக்கிழமை சாயங்காலம் பேஸ்பால் ஆடுறோம், நான் பிளேட்டுக்கு (பேட்டர் நிக்கிற எடத்துல தரையில பதிச்ச தட்டு) பின்னால அம்பயரா நிக்கிறேன். புதுசா அம்பயர் பண்ண வர்ற பசங்க எல்லாருமே ஒரே எடத்துலதான் தடுமாறுறாங்க, பிட்ச்சர் (பந்து எறியுறவன்) எறிஞ்ச பந்து பேட்டர் (மட்டையோட நிக்கிறவன்) உடம்புல படுற அந்த எடம். அப்படிப் பட்டதுக்காக பேட்டர் சும்மாவே ஃபர்ஸ்ட் பேஸுக்கு (ஓடுறவன் மொதல்ல தொட வேண்டிய எடம்) போறதுக்குப் பேருதான் ஹிட் பை பிட்ச்.

ஏன்னா நம்ம கண்ணு கிரிக்கெட்டுல பழகுன கண்ணு. அங்க உடம்புல பட்டா லெக் பை ஓடலாம், இல்லன்னா எல்பிடபிள்யூ கேக்கலாம், ஆட்டம் நிக்காது. பேஸ்பால்ல நேர் எதிர்: பட்ட நொடியே ஆட்டம் நின்னுடுது, அதுக்கப்புறம் கேள்விய ஒண்ணொண்ணா வரிசையா கேட்டுத்தான் முடிவு சொல்லணும். வரிசைய மாத்துனா தப்பான முடிவு வரும், நான் பாத்த குழப்பத்துல முக்காவாசி விதி தெரியாம வந்தது இல்ல, வரிசை தெரியாம வந்தது.

1. ஆட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னால

மொதல்ல ஹெல்மெட்ட பாருங்க. ரெண்டு காதும் மூடுற ஹெல்மெட் இல்லாம சின்னப் பசங்கள பிளேட்டுல நிக்க விடாதீங்க. ஒரு பேஸ்பால் 142ல இருந்து 149 கிராம் வரைக்கும் எடை, கையில வச்சா சின்னதா தெரியும், ஆனா நல்லா எறியுறவன் கையில இருந்து வந்தா கல்லுதான். ஹெல்மெட்டுல விரிசல் இருந்தா அத ஓரமா போட்டுடுங்க, டேப் சுத்தி ஓட்ட வேணாம்.

அடுத்து பேட்டர் பாக்ஸ் கோடு, பேட்டர் நிக்க வேண்டிய கட்டம். 4 அடி அகலம், 6 அடி நீளம், பிளேட்டுல இருந்து 6 அங்குலம் தள்ளி. சுண்ணாம்புத் தூள்ல போடுறோம், மூணாவது இன்னிங்ஸ்க்குள்ள பசங்க கால்ல தேச்சு அழிச்சிடுவாங்க. அழிஞ்சா திரும்பப் போடுங்க, ஏன்னா பந்து படுறப்ப பேட்டர் எங்க நின்னான், முழங்கை பிளேட்டு மேல நீட்டிட்டு இருந்துச்சான்னு பாக்க அந்தக் கோடுதான் உங்களுக்கு அளவு.

அப்புறம் ஐஸ். சாப்பாட்டுக் கடையில ஒரு பை வாங்கி பெட்டியில வச்சிருங்க, கூடவே சுத்துறதுக்கு துண்டு. பக்கத்து கிளினிக் கெசிஹாத்தான் (அரசாங்க கிளினிக்) எத்தன மணி வரைக்கும் தொறந்திருக்கு, கிட்ட எங்க ஏஇடி மெஷின் (இதயத்துக்கு ஷாக் குடுக்குற மெஷின்) இருக்குன்னு ஆட்டத்துக்கு முன்னாலயே விசாரிச்சு வைங்க, அடிபட்டதுக்கப்புறம் தேடிட்டு இருக்க முடியாது.

ரெண்டு டீம் கோச்சையும் பிளேட்டுகிட்ட கூப்பிட்டு எந்த விதிப் புத்தகம்னு முடிவு பண்ணிக்கங்க. நான் இங்க எழுதுறது பேஸ்பாலோட பொது விதி, அமெரிக்காவோட பெரிய லீக்கான எம்எல்பி ஆடுறது. பள்ளிக்கூடத்துல போலா லெம்புட் (சாஃப்ட்பால்) ஆடிட்டு வந்த பசங்க அந்த விதிய மனசுல வச்சுட்டு வாதம் பண்ணுவாங்க, அதனால இந்தப் பேச்ச முன்னாலயே முடிச்சுடணும்.

2. ரெண்டு சொல்ல மொதல்ல பிரிச்சுக்கங்க

"பால்"னு அம்பயர் சொன்னா பந்துன்னு அர்த்தம் இல்ல. ஸ்ட்ரைக் ஜோனுக்கு வெளிய போன, பேட்டர் சுத்தாத பிட்ச்சுக்குத்தான் அந்தப் பேரு (பிட்ச்னா இங்க பிட்ச்சர் எறியுற ஒரு எறி, கிரிக்கெட் பிட்ச் இல்ல). ஜோனுக்குள்ள வந்தாலோ, பேட்டர் சுத்தியும் மட்டையில படலன்னாலோ அது ஸ்ட்ரைக். நாலு பால் ஆனா பேட்டர் சும்மாவே ஃபர்ஸ்ட் பேஸுக்கு நடப்பான், மூணு ஸ்ட்ரைக் ஆனா அவுட். குழப்பம் வராம இருக்க நான் இதுல உருண்டையா இருக்குற சாமான பந்துன்னே எழுதுறேன்.

ஸ்ட்ரைக் ஜோன்னா பிளேட்டுக்கு நேர் மேல இருக்குற காத்து. அகலம் பிளேட்டோட அகலம், 17 அங்குலம், ஏறத்தாழ 43 சென்டிமீட்டர். மேல் எல்லை தோளுக்கும் பேண்ட்டோட மேல் விளிம்புக்கும் நடுவுல, கீழ் எல்லை முட்டிச் சில்லுக்குக் கீழ இருக்குற குழி. இது ஸ்டம்ப் மாதிரி தரையில நட்டு வச்சது இல்ல, பேட்டர் உயரத்துக்குத் தக்கன மாறும். இத மனசுல வரைஞ்சு பழகாம ஆறாவது படிக்கு நீங்க வரவே முடியாது.

3. பந்து உடம்புல பட்டா ரெண்டு கையும் மேல, "டைம்!"

பந்து உடம்புல பட்டுச்சுன்னு தெரிஞ்ச உடனே ரெண்டு கையையும் தூக்கி சத்தமா "டைம்!"னு கத்துங்க. யாருக்கு சாதகம், ஃபர்ஸ்ட் பேஸ் உண்டா இல்லையா, அதெல்லாம் அப்புறம். எந்தப் பக்கம் முடிவு வந்தாலும் சரி, பிட்ச் பேட்டர் மேல பட்டா பந்து செத்துப்போச்சு, டெட் பால். இது மாறவே மாறாது, அதனால யோசிக்காமலே கை மேல போகலாம்.

புதுசா வர்றவங்க இங்கதான் மொத தப்பு பண்றாங்க. முடிவு என்னன்னு யோசிச்சுட்டு கைய கீழ வச்சுட்டே நிப்பாங்க, அதுக்குள்ள பந்து பேட்டர் முதுகுல பட்டு ஓரமா உருண்டிருக்கும், செகண்ட் பேஸ்ல இருந்தவன் தேர்டுக்கு ஓடியிருப்பான், பிளேட்டுக்குப் பின்னால பந்து பிடிக்கிற கேட்ச்சர் தூக்கி எறிஞ்சு அது செம்பனை மரத்துப் பக்கம் போயிருக்கும், எல்லாரும் கத்திட்டு இருப்பாங்க. அப்புறம் எல்லாரையும் திரும்பிப் போகச் சொன்னா சண்டைதான் வரும். நொடியில கைய தூக்கியிருந்தா ஒண்ணுமே நடந்திருக்காது.

ஒரே ஒரு எடத்துல மட்டும் அரை மூச்சு பொறுங்க: பந்து கையில பட்டுச்சா மட்டையில பட்டுச்சான்னு சந்தேகமா இருந்தா. மட்டையில மட்டும் பட்டு மைதானத்துக்குள்ள உருண்டுச்சுன்னா அது உயிரோட இருக்குற பந்து, நீங்க அவசரப்பட்டு "டைம்" சொன்னா அந்த ஆட்டத்த அழிச்சிட்டீங்க, திரும்பக் கொண்டுவர முடியாது. முதுகு, தொடை, கால்னா பொறுக்கத் தேவையே இல்ல.

4. ஆளப் பாருங்க, அப்புறம் ஆட்டம்

கை தூக்கினதும் பேட்டர்கிட்ட போங்க. கண்ணுல பட்ட காட்சிய மனசுல அப்படியே பிடிச்சு வச்சுக்கங்க, முடிவு பத்து வினாடி தள்ளிப் போனாலும் யாரும் சாகமாட்டாங்க, ஆனா அடி அப்படி இல்ல.

தலையில பட்டுச்சுன்னா அவன் "ஓகே அண்ணே, ஒண்ணும் இல்ல"ன்னு சொன்னாலும் அன்னைக்கு ஆட்டம் அவனுக்கு முடிஞ்சுது. தலவலி, வாந்தி, கண்ணு மங்குறது, கேட்டதுக்கு சம்பந்தம் இல்லாம பதில் சொல்றது இதுல எது இருந்தாலும் நேரா ஆஸ்பத்திரி.

நெஞ்சுல படுறத சாதாரணமா எடுத்துக்காதீங்க. சின்னப் பசங்களுக்கு சரியா இதயத்துக்கு மேல, சரியான கணத்துல அடி விழுந்தா இதயத் துடிப்பே குலைஞ்சு அங்கேயே சரிஞ்சிடுவாங்க, வெளிய காயமே தெரியாது. ரொம்ப அபூர்வம்தான், ஆனா நடந்தா நிமிஷக் கணக்கு. ஆள் சரிஞ்சு பேச்சு மூச்சு இல்லன்னா ஒருத்தர் ஆம்புலன்ஸுக்கு 999 கூப்பிடணும், ஒருத்தர் உடனே நெஞ்ச அழுத்த ஆரம்பிக்கணும், ஒருத்தர் ஏஇடி எடுக்க ஓடணும்.

மத்த எடத்துல பட்டா ஐஸ துண்டுல சுத்தி 15, 20 நிமிஷம் வச்சா போதும். அடிபட்டவனால ஓட முடியலன்னா மாத்து ஆள் ஃபர்ஸ்ட் பேஸுக்குப் போகலாம், விதி அனுமதிக்குது. அந்தப் பையன நொண்டிட்டே போகச் சொல்ற கோச்ச நீங்கதான் தடுக்கணும்.

5. மொதக் கேள்வி: பந்து எதுல பட்டுச்சு?

உடம்பு, போட்டிருக்குற துணி, மாட்டியிருக்குற சாமான், மூணுமே உடம்புக் கணக்குதான். ஹெல்மெட், முழங்கைக் கவசம், கையுறை, சப்பாத்து எல்லாம் சேரும். அண்ணனோட ஜெர்சிய போட்டுட்டு வர்ற பசங்க இருக்காங்க, கை ரெண்டும் தொளதொளன்னு தொங்கும், பந்து அந்தத் துணிய மட்டும் உரசிட்டுப் போனாலும் பட்டதுதான்.

நகை மட்டும் சேராது. கழுத்துல முருகன் டாலர் போட்ட சங்கிலி ஆடிட்டு இருக்கு, பந்து அத மட்டும் தட்டிட்டுப் போச்சுன்னா பட்டதா கணக்கில்ல, காப்பும் அப்படித்தான். எனக்கு இதுல வேற ஒரு எண்ணம், விதிய விட்டுடுங்க, சங்கிலிய கழட்டி அம்மாகிட்ட குடுத்துட்டு ஆட வாங்க.

கை மட்டையோட ஒரு பகுதின்னு ஒரு பேச்சு ஊரெல்லாம் இருக்கு. கிரிக்கெட்ல மட்டையப் பிடிச்சிருக்குற கையுறைய மட்டையாத்தான் கணக்கு வைப்பாங்க, அதுல இருந்து வந்ததா இருக்கலாம். பேஸ்பால்ல கை கைதான். பந்து விரல்ல பட்டு அப்புறம் மட்டையில பட்டாலும் மொதல்ல பட்டது உடம்பு, அதனால டெட் பால். மட்டையில பட்டுட்டு அப்புறம் பாக்ஸுக்குள்ள நிக்கிற பேட்டர் கால்ல பட்டா அது ஃபவுல் (செல்லாத அடி), ஹிட் பை பிட்ச் கிடையாது.

ரெண்டையும் எப்படி பிரிக்கிறது? காத தீட்டுங்க. மட்டையில பட்டா "டக்"னு காஞ்ச சத்தம், கையில பட்டா அமுங்குன சத்தம். பேட்டர் கைய உதறுறத வச்சு முடிவு பண்ணாதீங்க, மட்டையோட அடிப்பக்கம் பட்டாலும் கை அதிரும், வலிக்கும்.

தரையில குத்தி எழும்பி வந்து பட்டா? அதுவும் பட்டதுதான். "பவுன்ஸ் ஆயிருச்சு, செல்லாது"ன்னு எதிர் டீம் கத்துவாங்க, அப்படி ஒரு விதியே இல்ல.

போன வருஷக் கடைசியில மழ விட்ட பிறகு ஒரு ஆட்டம். பிட்ச் தரையில குத்தி பேட்டர் காலுகிட்ட போச்சு, எனக்குப் பட்ட மாதிரியும் தெரியல படாத மாதிரியும் தெரியல, கேட்ச்சர் படலங்கிறான், பேட்டர் பட்டுச்சுங்கிறான். பையனோட வெள்ள பேண்ட்டப் பாத்தேன், கெண்டக்கால் பக்கம் செம்மண் ஈரத்தோட வட்டமா, பந்தோட தையல் வரி கூட ரெண்டு கோடா பதிஞ்சிருந்துச்சு. அதுக்கு மேல பேச்சே இல்ல. 1969 வேர்ல்ட் சீரிஸ் (எம்எல்பி இறுதித் தொடர்) அஞ்சாவது ஆட்டத்துல இதே மாதிரி, மெட்ஸ் டீம் கிளியோன் ஜோன்ஸ் கால்ல பட்டுச்சா இல்லையான்னு தகராறு, மேனேஜர் கில் ஹாட்ஜஸ் பந்தக் கொண்டுவந்து அதுல ஒட்டியிருந்த சப்பாத்து பாலிஷக் காட்டினதும் அம்பயர் ஃபர்ஸ்ட் பேஸ் குடுத்தார். அதனால பந்தக் கேட்டு வாங்கிப் பாருங்க, துணியப் பாருங்க, வெக்கப்பட வேணாம்.

6. ரெண்டாவது கேள்வி: சுத்துனானா? மூணாவது: ஜோனுக்குள்ள இருந்துச்சா?

இந்த ரெண்டையும் சேத்து எழுதுறேன், ஏன்னா ரெண்டுல எதுக்கு "ஆமா" வந்தாலும் முடிவு ஒண்ணுதான்: ஸ்ட்ரைக்.

பேட்டர் அடிக்க முயற்சி பண்ணி மட்டைய சுத்துனான், பந்து அவன் மேலயே பட்டுருச்சு. ஃபர்ஸ்ட் பேஸ் கிடையாது, ஸ்ட்ரைக். அது மூணாவது ஸ்ட்ரைக்குன்னா அவுட்டு, கேட்ச்சர் பந்தப் பிடிக்கலன்னு ஃபர்ஸ்ட் பேஸுக்கு ஓடவும் முடியாது, பந்துதான் செத்துப்போச்சே. அடிபட்ட பையனப் பாத்து பாவப்பட்டு ஃபர்ஸ்ட் பேஸ் குடுக்குறவங்க இருக்காங்க, பாவம் வேற விதி வேற.

பண்ட் பண்ண, அதாவது சுத்தாம பந்த மெதுவா தட்டி விட, மட்டைய முன்னால நீட்டி நின்னா மட்டும் சுத்துனதா ஆகாது, பந்த நோக்கி மட்டைய கொண்டுபோனானான்னு பாக்கணும். பாதி சுத்தி நிறுத்திட்டான், உங்களுக்குத் தெரியலன்னா பேஸ் அம்பயரக் கேளுங்க, அவருக்குப் பக்கவாட்டுல நல்லாத் தெரியும்.

அடுத்தது ஜோன். பந்து பேட்டர் மேல படுறப்ப ஸ்ட்ரைக் ஜோனுக்குள்ள இருந்துச்சுன்னா ஸ்ட்ரைக், அவன் ஒதுங்கப் பாத்தாலும் பாக்காட்டியும். பிளேட்டு மேல முழங்கைய நீட்டிட்டு நிக்கிறவனுக்குத்தான் இது நடக்கும். பிட்ச்சர் சரியா போட்ட பந்துக்கு பேட்டர் தன் உடம்ப குறுக்க வச்சு ஃபர்ஸ்ட் பேஸ் வாங்கக்கூடாது, அதுக்குத்தான் இந்த விதி.

பெரிய அம்பயருக்கே இது சறுக்குன எடம். 2021 ஏப்ரல் 8, மெட்ஸுக்கும் மார்லின்ஸுக்கும் ஆட்டம், ஸ்கோர் 2-2, ஒம்பதாவது இன்னிங்ஸ், மூணு பேஸ்லயும் ஆளு, மைக்கேல் கான்ஃபோர்ட்டோவுக்கு ரெண்டு ஸ்ட்ரைக் ஆயாச்சு. பந்து ஜோனுக்குள்ள வந்து அவர் முழங்கைக் கவசத்துல உரசுச்சு. அம்பயர் ரான் குல்பா மொதல்ல ஸ்ட்ரைக்குன்னு கை எடுத்துட்டு அப்புறம் ஹிட் பை பிட்ச்னு மாத்திட்டார், ஆட்டமே அதோட முடிஞ்சு போச்சு, மெட்ஸ் ஜெயிச்சாங்க. அவுட்டு சொல்லியிருக்கணும்னு பின்னால அவரே ஒத்துக்கிட்டார். அப்ப வீடியோவுல பட்டுச்சா படலையான்னுதான் பாக்க முடிஞ்சுது, ஜோனப் பத்தின அம்பயர் முடிவ அதுல மாத்த முடியல. நமக்கோ வீடியோவே கிடையாது. பட்டுச்சுங்கிறத மட்டும் பாத்துட்டு ஜோனக் கேக்க மறந்தா என்ன ஆகும்னு பாருங்க.

7. நாலாவது கேள்வி: ஒதுங்கப் பாத்தானா?

இதுதான் கஷ்டமான கேள்வி, அதனாலதான் கடைசியில வச்சிருக்கேன். மேல உள்ளதுலயே முடிவு வந்துருச்சுன்னா இதுக்கு வரவே வேணாம்.

சுத்தல, பந்து ஜோனுக்கு வெளிய, உடம்புல பட்டுருக்கு. பேட்டர் ஒதுங்க ஒரு முயற்சியும் பண்ணலன்னா ஃபர்ஸ்ட் பேஸ் இல்ல, அது வெறும் பால். ஆனா கவனிங்க, அது நாலாவது பாலா இருந்தா அவன் எப்படியும் நடந்துதான் போவான், அதனால கவுண்ட் (எத்தன பால், எத்தன ஸ்ட்ரைக்) எவ்வளவுன்னு கையில இருக்குற கிளிக்கர (எண்ணிக்கை காட்டுற சாமான) பாத்துட்டு வாயத் திறங்க.

1968 மே 31, டாட்ஜர்ஸ் பிட்ச்சர் டான் டிரைஸ்டேல் எறிஞ்ச பந்து ஜயன்ட்ஸ் டீம் டிக் டீட்ஸ் மேல பட்டுச்சு, மூணு பேஸும் நிறைஞ்சிருந்த நேரம். அவர் ஒதுங்கவே இல்லன்னு சொல்லி அம்பயர் ஹாரி வெண்டல்ஸ்டெட் பால் மட்டும்தான் குடுத்தார், ரன் இல்ல. ஊரே எதிர்த்தாலும் விதிப்படி அந்த முடிவ எடுக்க அம்பயருக்கு உரிமை இருக்கு.

ஆனா நம்ம பாடாங்குல இத யோசிச்சுத்தான் பயன்படுத்தணும். பிட்ச்சர் நிக்கிற எடத்துல இருந்து பிளேட்டுக்கு 18.44 மீட்டர், மணிக்கு 145 கிலோமீட்டர் வேகத்துல எறிஞ்சா பந்து வந்து சேர அர வினாடி கூட ஆகாது. பசங்களுக்கு தூரமும் கம்மி. பயந்து அப்படியே உறைஞ்சு நிக்கிற பன்னண்டு வயசுப் பையன ஒதுங்கலன்னு தண்டிக்கக் கூடாதுங்கிறது என் முடிவு, ஒதுங்க நேரமே இல்லாதவன்கிட்ட முயற்சி எங்கன்னு எப்படிக் கேக்குறது? முகத்த திருப்பி முதுகக் காட்டி சுருண்டுக்கிறதும் ஒதுங்குறதுதான்.

நான் பாக்குறது தோளையும் முழங்கையையும். மெதுவா வளைஞ்சு வர்ற பந்துக்கு முழங்கை பிளேட்டுப் பக்கம் அசைஞ்சா, முட்டி உள்ள வந்தா, அவன் பந்த வாங்கிக்கப் பாக்குறான், ஃபர்ஸ்ட் பேஸ் குடுக்காதீங்க. இத ஒரு தடவ விட்டா அடுத்த வாரம் எல்லாப் பசங்களும் கைய நீட்டுவாங்க, ஒருத்தன் விரல் உடையும்.

நாலு கேள்வியும் தாண்டிட்டான்னா, ஃபர்ஸ்ட் பேஸப் பாத்து கை காட்டுங்க.

8. ரன்னர்களை எங்க நிறுத்துறது

பேட்டர் ஃபர்ஸ்ட் பேஸுக்கு வர்றதால தள்ளப்படுறவன் மட்டும்தான் நகருவான். ஃபர்ஸ்ட்ல ஆள் இருந்தா செகண்டுக்குப் போவான். ஃபர்ஸ்ட்லயும் தேர்ட்லயும் ஆள் இருந்தா ஃபர்ஸ்ட்ல இருந்தவன் மட்டும் செகண்டுக்கு, தேர்ட்ல இருக்குறவன் அங்கேயே நிக்கணும். செகண்ட்ல மட்டும் ஆள் இருந்தா அவன் அசையவே கூடாது. மூணு பேஸும் நிறைஞ்சிருந்தா ஒரு ரன்.

பிட்ச் போடுறப்பவே ஒருத்தன் அடுத்த பேஸ திருட (யாரும் அடிக்காமலே ஓடிப் பிடிக்க) ஓடியிருப்பான், போயும் சேந்திருப்பான். தள்ளப்படாத ஆளா இருந்தா திரும்பி வரணும். அவன் கஷ்டப்பட்டு ஓடுனது உண்மைதான், ஆனா செத்த பந்துல பேஸ் திருட முடியாது.

ஃபர்ஸ்ட் பேஸ் குடுக்காத கேஸ்லயும் இதே கதைதான், பந்து செத்தது செத்ததுதான், யாரும் ஒரு அடி கூட முன்னேற முடியாது, அந்தப் பிட்ச் நாலாவது பாலா ஆனாத்தவிர.

9. வேணும்னே எறிஞ்சான்னு தோணுனா

மொதல்ல பந்தத் தொட்டுப் பாருங்க. நம்ம ஊர் சாயங்கால புழுக்கத்துல கை வேர்த்து ஊத்தும், மழ பெஞ்ச புல்லுல உருண்ட பந்து வழுக்கும். ஈரப் பந்த மாத்துங்க, ரோசின் பை (கை வழுக்காம இருக்கத் தொட்டுக்கிற தூள் பை) இருந்தா பிட்ச்சர் பக்கத்துல போடுங்க. பாதி நேரம் பிரச்சனை அதோட தீந்துடும்.

அப்படி இல்ல, போன இன்னிங்ஸ்ல வாய்ச்சண்டை நடந்து இப்ப நேரா முதுகக் குறி வச்சு எறியுறான்னு உங்களுக்குத் தெளிவா தெரிஞ்சா, பிட்ச்சர வெளிய அனுப்பலாம், கோச்சையும் சேத்து அனுப்பலாம், இல்லன்னா ரெண்டு டீமுக்கும் எச்சரிக்கை குடுக்கலாம். எச்சரிக்கை குடுத்தாத்தான் வெளியேத்தணும்னு இல்ல. தலையக் குறி வச்சதா தெரிஞ்சா நான் எச்சரிக்கையோட நிறுத்தமாட்டேன்.

பேசுறப்ப ரெண்டு கோச்சையும் ஒண்ணா கூப்பிட்டுப் பேசுங்க, ஒருத்தர்கிட்ட தனியா பேசுனா இன்னொருத்தர் மனசுல வேற கணக்கு ஓடும்.

10. ஸ்கோர் புக்ல எப்படி எழுதுறது

ஸ்கோர் எழுதுற தங்கச்சிகிட்ட முடிவ வாயால சொல்லுங்க, கை சைகை தூரத்துல இருந்து புரியாது. ஹிட் பை பிட்ச் ஆனா பேட்டருக்கு அட்-பேட் கணக்குல (சராசரிக்கு எண்ணுற அடிக்கிற வாய்ப்பு) சேராது, அதனால பேட்டிங் சராசரி குறையாது, ஆனா பேஸுக்குப் போன சதவீதத்துல சேரும். மூணு பேஸும் நிறைஞ்சிருக்கிறப்ப பட்டு ரன் வந்தா அந்த ரன்ன வர வச்சவன்னு (ஆர்பிஐ) அவன் பேர்ல எழுதணும்.

பிட்ச்சருக்கு இது ஹிட் (பேட்டர் அடிச்சு பேஸுக்குப் போறது) கிடையாது. 2015 ஜூன் 20 மேக்ஸ் ஷெர்சர் இருபத்தாறு பேர வரிசையா அவுட்டாக்கிட்டு இருபத்தேழாவது ஆளான ஹோசே டபாட்டா முழங்கையில எறிஞ்சுட்டார், பெர்ஃபெக்ட் கேம் (ஒருத்தனக் கூட பேஸுக்கு விடாத ஆட்டம்) போச்சு, அடுத்த ஆள அவுட்டாக்கினதால நோ-ஹிட்டர் (ஒரு ஹிட் கூட குடுக்காத ஆட்டம்) மட்டும் நின்னுச்சு.

ஃபர்ஸ்ட் பேஸ் குடுக்காம பால், ஸ்ட்ரைக்குன்னு சொன்ன கேஸ்ல வெறும் கவுண்ட் மட்டும் ஏறும். அதையும் ஓரத்துல ஒரு வரி எழுதச் சொல்லுங்க, எந்த இன்னிங்ஸ், கவுண்ட் என்ன, எங்க பட்டுச்சு. அடுத்த நாள் காலையில மாமாக் கடையில யாராவது வந்து கேப்பாங்க, அப்ப புக்கத் திறந்து காட்டலாம்.